இதோ இருக்கு சான்டியாகோ!

மெண்டோசாவிலிருந்து சான்டியாகோ எவ்வளவு தூரம்?

ரொம்ப சாதாரணமான கேள்வி. மெண்டோசா அர்ஜென்டினாவில் இருக்கிறது. சான்டியாகோ சிலி நாட்டின் தலைநகர். மேப்பில் பார்த்தால் ரெண்டும் சினிமா தியேட்டரில் பக்கத்துப் பக்கத்து ஸீட் மாதிரி உட்கார்ந்திருக்கும். நடுவில் கைப்பிடி மாதிரி ஒரு மலை. அந்தக் கைப்பிடிக்குப் பெயர் ஆண்டிஸ். அங்கேதான் வினையே.

இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரே சாயங்காலத்தில் நாலு பதில் கிடைத்தது. ஸ்கேலை வைத்து மேப்பில் அளந்தால் சுமார் 180 கிலோமீட்டர். செல்போனைக் கேட்டால், ரோடு வழியாக 360-க்கு மேல் என்றது. விமானக் கம்பெனிக்காரர்கள் கிலோமீட்டரே சொல்வதில்லை. 'ஐம்பது நிமிஷம், மிஞ்சிப் போனால் ஒரு மணி நேரம்' என்றார்கள். நாலாவதாக ஹோட்டல் ரிசப்ஷன் பெண்ணைக் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் மலையைக் காட்டி, "அது விட்டா..." என்றாள்.

நான் நாலாவது பதிலை மதிக்கவில்லை. முதல் மூன்றில்தான் நம்பர் இருந்தது. ஆபீஸில் வேலை பார்க்கிறவனுக்கு நம்பர் இருந்தால்தான் நம்பிக்கை வரும்.

ஆபீஸ் வேலையாகத்தான் மெண்டோசா போயிருந்தேன். மே மாதம். வேலை முடிந்தது. மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு சான்டியாகோவில் ஊர் திரும்பும் விமானத்தைப் பிடிக்க வேண்டும். சான்டியாகோவரை எப்படிப் போவது என்பது என் இஷ்டம். எங்கள் ஆபீஸில் உள்ளூர்ப் பிரயாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிடுவார்கள். மிச்சம் பிடித்தால் உங்கள் சாமர்த்தியம். விமான டிக்கெட்டில் பாதிக்கும் குறைவு பஸ் டிக்கெட். காலை எட்டரைக்குப் புறப்பட்டு மத்தியானம் ரெண்டரைக்கு சான்டியாகோ என்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. கழித்துப் பார்த்தேன். ஆறு மணி நேரம். ராத்திரி விமானத்துக்கு ஆறரை மணி நேரம் கையில் நிற்கும். அந்த மிச்சக் காசில் சான்டியாகோவில் என்னென்ன வாங்கலாம் என்று லிஸ்ட்கூடப் போட்டுவிட்டேன்.

மாடி பஸ். மேல் மாடியில் முன் வரிசை ஜன்னலோரம் எனக்கு. பக்கத்தில் ஒரு பெரியவர். கையில் சுரைக்குடுக்கை, அதில் ஒரு உலோகக் குழாய், கக்கத்தில் ஃப்ளாஸ்க். மாத்தே என்ற இலையை வெந்நீரில் ஊறவைத்து நாள் முழுக்க உறிஞ்சுவது அர்ஜென்டினாக்காரர்களின் பழக்கம். ஒரே குழாயில் எல்லோரும் மாறி மாறி உறிஞ்சுவார்கள். வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு. எனக்கும் நீட்டினார். வேப்பிலைக்குத் தூரத்து உறவு. குடித்தேன்.

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முப்பது வார்த்தை. எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் இருபது. மீதியைக் கை பேசியது.

"எத்தனை மணிக்கு சான்டியாகோ போகும், ஐயா?" என்று கேட்டேன்.

"டிக்கெட்ல என்ன போட்டிருக்கு?"

"ரெண்டரை."

பெரியவர் டிக்கெட்டை வாங்கி மரியாதையாகப் பார்த்தார், கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பது மாதிரி. திருப்பிக் கொடுத்தார். "அழகா அச்சடிச்சிருக்காங்க" என்றார்.

ஊரை விட்டால் திராட்சைத் தோட்டங்கள், அப்புறம் ஒரு பெரிய நீர்த்தேக்கம், அப்புறம் மொட்டை மலை. மரமே இல்லை. பழுப்பு, சிவப்பு, ஒரு மாதிரிப் பச்சை என்று பாறைக்குத்தான் கலர். ரோட்டின் கூடவே ஒரு ரயில் பாதை வந்துகொண்டிருந்தது. சில இடத்தில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. கீழே இருந்த மண் எப்பவோ போயிருந்தது.

"எங்கப்பா இந்த ரயில்ல வேலை பார்த்தவர்" என்றார் பெரியவர்.

1910-ல் திறந்த ரயில் அது. மீட்டர் கேஜ். செங்குத்தான இடங்களில் நடுவில் பல்சக்கரப் பாதை வைத்து, எஞ்சின் பல்லைப் பல்லாகப் பிடித்து ஏறும். மெண்டோசாவிலிருந்து சிலி பக்கம் லாஸ் ஆண்டிஸ் என்ற ஊர் வரை 248 கிலோமீட்டர். மலை உச்சிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். பிரமாதமான எஞ்சினியரிங். ஆனால் 1934-ல் ஒரு பனியாற்று வெள்ளம் வந்து அர்ஜென்டினா பக்கத்துப் பாதையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பக் கட்டி ஓட்ட 1944 ஆயிற்று. 1979-ல் பயணிகள் ரயில் நின்றது. 1984-ல் சரக்கு ரயிலும். இன்றைக்கு அந்த வழியாக ரயிலில் சான்டியாகோ எத்தனை மணி நேரம் என்று கேட்டால் பதிலே கிடையாது.

ரயிலுக்கு முன்னால் கோவேறு கழுதை. 1817 ஜனவரியில் ஜெனரல் சான் மார்ட்டின் சிலியை ஸ்பெயினிடமிருந்து விடுவிக்க மெண்டோசாவிலிருந்து சுமார் ஐயாயிரம் பேரோடு கிளம்பினார். ஒரு பிரிவு, நான் பஸ்ஸில் போன இதே உஸ்பயாட்டா வழி. பெரிய பிரிவு வடக்கே லாஸ் பாட்டோஸ் கணவாய் வழி. மலையைத் தாண்ட ஏறக்குறைய மூன்று வாரம். பிப்ரவரி 12-ம் தேதி சக்காபுக்கோவில் சண்டை, ஜெயம்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் நடந்த சமாசாரம். மலையில் எந்த வழி எத்தனை தூரம், எங்கே தண்ணீர், எங்கே புல் என்று சரியான மேப் கிடையாது. சான் மார்ட்டின் என்ன செய்தார்? ஆல்வாரெஸ் கொண்டார்கோ என்ற எஞ்சினியரைக் கூப்பிட்டார். நல்ல ஞாபகசக்தி உள்ள ஆள். "அர்ஜென்டினா சுதந்திரம் அறிவிச்ச காகிதத்தை சிலியில இருக்கிற ஸ்பானிஷ் கவர்னர்கிட்ட கொடுத்துட்டு வா. போறப்போ தூரமான வழியா போ" என்றார். கவர்னருக்குக் கோபம் வரும், இவரைக் கிட்டத்து வழியாகத் துரத்துவார் என்பது கணக்கு. அப்படியே நடந்தது. போகும்போது ஒரு வழி, வரும்போது இன்னொரு வழி, ரெண்டையும் மண்டையிலேயே எழுதிக்கொண்டு வந்து சேர்ந்தார் எஞ்சினியர். எதிரி செலவில் சர்வே! இப்படி ஒரு டூருக்கு அவர் பில் போட்டாரா, பாஸ் ஆயிற்றா என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

உஸ்பயாட்டா தாண்டியதும் பஸ் பையன் ஆளுக்கு ஒரு பாரம் கொடுத்தான். சிலிக்குள் பழம், காய், விதை, இறைச்சி ஏதாவது கொண்டுவருகிறீர்களா? ஆம் அல்லது இல்லை.

"பழம் இருந்தா இப்பவே சாப்பிட்டுடுங்க" என்றார் பெரியவர். ஹோட்டலில் காலை டிபனோடு எடுத்து வைத்திருந்த ஆப்பிளைச் சாப்பிட்டேன். 'இல்லை'யில் டிக் அடித்தேன். (ரெண்டு ஆப்பிள் எடுத்து வைத்திருந்தேன். அது பிற்பாடு.)

மணி பதினொன்றரை. பஸ் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் தெம்பாக, "விமானத்துல ஐம்பது நிமிஷம்தானாமே" என்றேன்.

"போய்ச் சேர்ந்தா ஐம்பது நிமிஷம்" என்றார் பெரியவர். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதில் புரிந்த பாதியை வைத்து மீதியை நான் ஊர் வந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.

1921 ஏப்ரல் 1. அத்ரியென் போலான் என்ற பிரெஞ்சுப் பெண் பைலட், மெண்டோசாவிலிருந்து ஒரு காட்ரான் விமானத்தில் கிளம்பி சான்டியாகோவில் இறங்கினார். ஆண்டிஸைப் பறந்து கடந்த முதல் பெண். அந்த விமானத்தால் உச்சிகளுக்கு மேலே ஏற முடியாது, இடுக்கு இடுக்காகத்தான் புகுந்து போக வேண்டும். முந்தின நாள் யாரோ ஒரு பெண் தேடிவந்து, 'சிப்பி மாதிரி ஒரு ஏரி தெரியும், அங்கே வலது பக்கம் போகத் தோணும், போகாதே, இடது பக்கம் திரும்பு' என்று குறி சொன்னாளாம். ஏரி வந்தது, இவரும் இடது பக்கம் திரும்பினார், பிழைத்தார். இது போலானே பிற்பாடு சொன்ன கதை. குறியோ குருட்டு யோகமோ, அந்தக் காலத்து வழிகாட்டி அந்த லட்சணத்தில் இருந்தது.

1930 ஜூன் 13. தபால் விமான பைலட் ஆன்ரி கியோமே. சான்டியாகோவிலிருந்து மெண்டோசா. இந்த மலையை அவர் அதற்கு முன்பு தொண்ணூறு தடவைக்கு மேல் தாண்டியவர். பனிப்புயல் அமுக்கிவிட, டயமண்டே ஏரிக்கரையில் இறக்கினார். விமானம் குப்புறக் கவிழ்ந்தது. புயல் ஓயும்வரை அதன் அடியில் பதுங்கியிருந்துவிட்டு, நடக்க ஆரம்பித்தார். ஐந்து நாள். சாப்பாடு கிடையாது. தூங்கினால் செத்தோம் என்று தூங்கவும் இல்லை.

ஒரு கட்டத்தில் பனியில் விழுந்து, சரி, போதும் என்று படுத்துவிட்டாராம். அப்போது மனைவி ஞாபகம் வந்தது. கூடவே இன்ஷூரன்ஸும். ஆள் காணாமல் போனால், செத்ததாகச் சட்டப்படி ஒப்புக்கொள்ள நாலு வருஷம் ஆகும். அதுவரை மனைவிக்குப் பணம் வராது. இங்கேயே செத்தால் கோடையில் பனி உருகி உடம்பு ஏதாவது பள்ளத்துக்குப் போய்விடும், யார் கண்ணிலும் படாது. கொஞ்சம் தள்ளி ஒரு பாறை தெரிந்தது. அதில் சாய்ந்து செத்தால் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பாறைவரை போகலாம் என்று எழுந்தார். எழுந்தவர் நின்றதும் நடையைத் தொடர்ந்துவிட்டார். நண்பர் செந்த் எக்ஸூபெரி 1939-ல் இதையெல்லாம் புத்தகத்தில் எழுதினார். பிரீமியம் கட்டும்போதெல்லாம் முணுமுணுக்கிறவன் நான். இதைப் படித்த பிறகு முணுமுணுப்பதில்லை.

பஸ் புன்டா டி வாகாஸ் என்ற இடத்தைத் தாண்டியது. 'மாட்டு முனை' என்று அர்த்தம் வரும். மாடு இல்லை. தெற்கே ஒரு பள்ளத்தாக்கு பிரிந்தது. பெரியவர் அந்தப் பக்கம் கை காட்டி, "டுப்புங்காட்டோ" என்றார். 6,500 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலை அது.

1947 ஆகஸ்ட் 2. பிரிட்டிஷ் விமானம் ஒன்று, பெயர் 'ஸ்டார் டஸ்ட்'. யுத்த காலத்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைப் பயணிகளுக்காக மாற்றிய ரகம். புவனஸ் அயர்ஸிலிருந்து சான்டியாகோ. உள்ளே பதினொரு பேர். வானிலை மோசம், மேகம். அதனால் மேகத்துக்கு மேலே, சுமார் 24,000 அடிக்கு ஏறினார்கள். கீழே ஒன்றும் தெரியாது. பரவாயில்லை, வேகம் தெரியும், கடிகாரம் இருக்கிறது. பெருக்கினால் தூரம்.

மாலை 5.41-க்கு சான்டியாகோவுக்கு மோர்ஸில் செய்தி வந்தது. 5.45-க்கு வந்து சேருகிறோம். கடைசியில் 'ஸ்டெண்டெக்' என்று ஒரு வார்த்தை. புரியாமல் திரும்பக் கேட்டார்கள். அதே வார்த்தை ரெண்டு தடவை வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. நாலு நிமிஷத்தில் வரவேண்டிய விமானம் வரவே இல்லை.

சான்டியாகோவுக்குப் பக்கத்தில் தேடினார்கள். நாலு நிமிஷம் என்றால் பக்கத்தில்தானே இருக்க வேண்டும்? பறக்கும் தட்டு வரை கதை கட்டினார்கள். ஐம்பது வருஷம் கழித்து 1998-ல் மலையேறிகள் ரெண்டு பேர் டுப்புங்காட்டோ பனியாற்றின் அடிவாரத்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினைப் பார்த்தார்கள். 2000-ல் அர்ஜென்டினா ராணுவம் போய் மிச்சத்தைச் சேகரித்தது. இடம், சான்டியாகோவுக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர். மலையைத் தாண்டவே இல்லை.

என்ன ஆயிற்று? அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு அசுரக் காற்று ஓடுகிறது. இன்றைக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று ஸ்கூல் பையனுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த உயரத்தில் போன பயணிகள் விமானங்களே சொற்பம், அதனால் பைலட்டுகளுக்குத் தெரியாது. விமானம் காற்றுக்குள் ஒழுங்கான வேகத்தில்தான் போனது. ஆனால் அந்தக் காற்றே பின்னால் போய்க்கொண்டிருந்தது. மேலேறுகிற எஸ்கலேட்டரில் கீழே இறங்குகிறவன் மாதிரி. படிகளை எண்ணினால் தரைக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கடிகாரத்தின்படி மலை முடிந்தாயிற்று என்று மேகத்துக்குள் இறங்கினார்கள். உள்ளே மலை இருந்தது. அது விழுங்கியதைப் பனியாறு மெதுவாக ஐம்பது வருஷம் கீழே நகர்த்தி வெளியே துப்பியது. 'ஸ்டெண்டெக்' என்றால் என்ன என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமில்லை.

பெரியவர் குடுக்கையில் இன்னொரு தடவை வெந்நீர் ஊற்றினார். "இதுகூடப் பரவாயில்லை. எழுபத்திரண்டுல நடந்தது தெரியுமா?"

தெரியும். அதை வைத்து 1993-ல் ஒரு சினிமா வந்தது, 2023-ல் இன்னொன்று. ஆனால் சினிமாவில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது சாப்பாட்டு விஷயம். எனக்குத் தூக்கம் கெடுத்தது வேறு. எட்டு நிமிஷம்.

1972 அக்டோபர் 13. உருகுவே விமானப்படை விமானம். ரக்பி விளையாட்டுக் குழு, அவர்களின் நண்பர்கள், உறவினர்கள், சிப்பந்திகள், மொத்தம் நாற்பத்தைந்து பேர். மாண்டிவிடியோவிலிருந்து சான்டியாகோ போக வேண்டியவர்கள், வானிலை சரியில்லை என்று ராத்திரி மெண்டோசாவில் தங்கினார்கள். மறுநாள் மத்தியானம் கிளம்பினார்கள். (கியோமே விழுந்ததும் 13-ம் தேதி வெள்ளிக்கிழமை, இதுவும் 13-ம் தேதி வெள்ளிக்கிழமை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் என் டிக்கெட்டில் தேதியைப் பார்த்துக்கொண்டேன்.)

நேர் மேற்கே 180 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் நிற்கிற மலைகளைத் தாண்டும் உயரத்துக்கு அந்த விமானம் பாரத்தோடு ஏறுவது சிரமம். அதனால் தெற்கே போய், பிளாஞ்சோன் என்ற தாழ்ந்த கணவாயில் மேற்கே திரும்பி, சிலியில் குரிகோ என்ற ஊர் வந்ததும் வடக்கே திரும்பி சான்டியாகோ. 'ப' எழுதுகிற மாதிரி ஒரு சுற்று. கணவாயிலிருந்து குரிகோவுக்கு சாதாரணமாகப் பதினொரு நிமிஷம்.

3.21-க்கு கணவாய் என்று சொன்னார்கள். 3.24-க்கு குரிகோ வந்துவிட்டது, வடக்கே திரும்புகிறோம் என்றார்கள். மூன்று நிமிஷம். கீழே முழுக்க மேகம், எதிரே காற்று. சான்டியாகோவில் இருந்தவர்கள் இறங்க அனுமதி கொடுத்தார்கள். கணக்கில் எட்டு நிமிஷம் குறைகிறதே என்று யாருக்கும் உறைக்கவில்லை. விமானம் திரும்பியது, இறங்கியது. மலை மேலேதான்.

இனிமேல்தான் கொடுமை. வால் உடைந்து, இறக்கை உடைந்து, உடம்புப் பகுதி மட்டும் பனிச்சரிவில் வழுக்கி நின்றது. சாகும் தறுவாயில் இருந்த துணை பைலட், குரிகோவைத் தாண்டிவிட்டோம் என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிழைத்த பையன்கள் அதை நம்பினார்கள். பைலட் சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்? அப்படியானால் சிலி இதோ இந்த மேற்கு மலைக்கு அந்தப் பக்கம். நிஜத்தில் அவர்கள் இருந்தது அர்ஜென்டினாவில். கிழக்கே இருபது முப்பது கிலோமீட்டரில் ஒரு கைவிடப்பட்ட ஹோட்டல் கட்டடம்கூட இருந்தது.

எட்டு நாளில் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அதை இவர்களே ரேடியோவில் கேட்டார்கள். இறந்த நண்பர்களின் உடல்தான் உணவு என்ற நிலைமை. இடையில் பனிச்சரிவு வந்து இன்னும் எட்டுப் பேரைக் கொண்டுபோனது. டிசம்பர் 12-ம் தேதி நந்தோ பர்ராடோ, ரொபெர்ட்டோ கனெஸ்ஸா, இன்னொருவர், மூன்று பேரும் அந்த மேற்கு மலையில் ஏறினார்கள். மூன்று நாள் ஏறி உச்சிக்குப் போய், சிலியின் பச்சை வயல் தெரியும் என்று எட்டிப் பார்த்தால், கண்ணுக்கு எட்டிய மட்டும் மலை, மலை, வெள்ளை மலை. இருக்கிற சாப்பாடு போதாது என்று மூன்றாமவரைத் திருப்பி அனுப்பிவிட்டு ரெண்டு பேரும் நடந்தார்கள். மொத்தம் பத்து நாள், சுமார் 60 கிலோமீட்டர். கடைசியில் ஒரு ஆற்றுக்கு அக்கரையில் செர்ஜியோ கட்டலான் என்ற மாடு மேய்ப்பவர் கண்ணில் பட்டார். தண்ணீர் இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. கல்லில் காகிதத்தையும் பென்சிலையும் கட்டி எறிந்தார். எழுதிக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு அவர் பல மணி நேரம் பிரயாணம் செய்து போலீஸுக்குச் சொன்னார். எழுபத்திரண்டாவது நாள் ஹெலிகாப்டர் வந்தது. பதினாறு பேர் பிழைத்தார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்து செல்போன் கால்குலேட்டரில் ஒரு கணக்குப் போட்டேன். அந்த ரக விமானம் எட்டு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் போகும்? ஏறக்குறைய 60 கிலோமீட்டர். விட்டுப்போன எட்டு நிமிஷத்தை ரெண்டு பையன்கள் பத்து நாள் நடந்து அடைத்திருக்கிறார்கள்.

போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். சார்ஜும் இல்லை, மனசும் இல்லை.

ஒரு மணிக்கு சுரங்கம். 1980-ல் திறந்த ரோடு சுரங்கம், மூன்று கிலோமீட்டர், பாதியில் நாடு மாறுகிறது. வெளியே வந்தால் சிலி. வந்ததும் பஸ் நின்றது. எங்களுக்கு முன்னால் பஸ்கள், லாரிகள், கார்கள் வரிசை வரிசையாக நின்றன. முந்தின நாள் பனி பெய்து பாதையை மூடியிருந்தார்களாம். ரெண்டு நாள் கூட்டம் ஒரே நாளில். மலை விட்டால்தானே?

நாலரை மணி நேரம் நின்றோம். கடைசியில் எங்கள் முறை வந்தது. பெட்டிகளை வரிசையாக வைத்தோம். ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு மோந்துகொண்டே வந்தது. என் பையிலிருந்து நாலு பெட்டி தள்ளி வரும்போதுதான் எனக்கு ரெண்டாவது ஆப்பிள் ஞாபகம் வந்தது! வியர்த்துவிட்டது. ஓடிப்போய் அதிகாரியிடம், "ஐயா, 'இல்லை'ன்னு போட்டது தப்பு, இருக்கு" என்று தெரிந்த ஸ்பானிஷ் இருபதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நல்ல மனுஷன். பாரத்தைத் திருத்தச் சொல்லி, ஆப்பிளைத் தொட்டியில் போட்டுவிட்டு, அனுப்பிவிட்டார். நாய் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தது.

அப்புறம் இறக்கம். கராகோலெஸ், அதாவது நத்தைகள் என்று பெயர். ஒன்றன் கீழ் ஒன்றாகக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டு போர்டு. மேல் மாடி முன் ஸீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒவ்வொரு வளைவிலும் பஸ் அந்தரத்தில் போய்விட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கும். என் கண் நம்பரில் இல்லை, கைக்கடிகாரத்தில் இருந்தது. ஆறு ஆயிற்று. ஆறேகால். ஒன்பது மணி விமானம், எட்டு மணிக்குக் கவுண்ட்டரை மூடிவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏர்போர்ட் போக டாக்ஸியில் அரை மணி. மிச்சம் பிடித்த காசு மனசுக்குள்ளேயே கரைய ஆரம்பித்தது. விமானம் போய்விட்டால் புது டிக்கெட். அதை மொத்தத் தொகையில் யார் சேர்ப்பார்கள்?

சான்டியாகோ பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என் கடிகாரத்தில் ஏழு பத்து. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன். பின்னாலிருந்து பெரியவர் கத்தினார். நின்றேன். மூச்சிரைக்க வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, மேலே சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

ஆறு பத்து.

"இது சிலிங்க. குளிர்காலத்துல எங்க ஊரைவிட ஒரு மணி பின்னால" என்றார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். "விமானத்துல வந்திருந்தா, பத்து மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்கே இறங்கியிருப்பீங்க!"

ஒரு வாரமாகக் கையில் கட்டியிருந்தது அர்ஜென்டினா மணி. டிக்கெட்டில் போட்டிருந்த எட்டரை அந்த நாட்டு எட்டரை, ரெண்டரை இந்த நாட்டு ரெண்டரை. நான் கழித்துக் கண்டுபிடித்த ஆறு மணி நேரம் என்பது அச்சடித்த நாளிலிருந்தே ஏழு மணி நேரம். நாள் முழுக்கத் தப்பான கடிகாரத்தை நம்பியிருக்கிறேன். மேகத்துக்கு மேலே இல்லாமல் பஸ்ஸில் இருந்ததால் எனக்கு ஒரு மணி நேரம் லாபமாக முடிந்தது. பெரியவரின் கையைக் குலுக்கினேன். கடைசி வாய் மாத்தே கொடுத்தார். இந்தத் தடவை அவ்வளவு கசக்கவில்லை.

விமானத்தைப் பிடித்தேன். ஊர் வந்து பில் போட்டேன். பத்து மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் என்றால் எங்கள் ஆபீஸில் முழு நாள் படி, குறைந்தால் அரை நாள். பத்து மணி நாற்பது நிமிஷம் என்று எழுதினேன். நேற்று அக்கவுண்ட்ஸிலிருந்து பில் திரும்பி வந்திருக்கிறது. சிவப்பு மையில்:

'புறப்பாடு காலை 8.30. வருகை மாலை 6.10. ஆக 9 மணி 40 நிமிடம். ஒரு மணி நேரம் அதிகம் காட்டப்பட்டுள்ளது. அரை நாள் படி மட்டுமே. ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.'

எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு பக்கம் ஆகிவிட்டது. இப்போதுதான் 1947-க்கு வந்திருக்கிறேன்.